உறை

கெண்ட் ரிட்ஜ் நிலையத்தின் மின்படிகளில் மேலேறி
மழைக்கு முந்திய புழுக்கத்தைக் கடந்து
மூன்றாம் மாடிக் கதவில் அட்டையைக் காட்டினால்
உள்ளே இருபத்திரண்டு டிகிரி.
இந்தத் தீவிலேயே மாறாத பருவம்
எங்கள் எலிகளுடையதுதான்.

நாற்பது எலிகள். காதில் எண்கள்.
குளிர்பெட்டியில் இரண்டு குப்பிகள்,
நீலப் பட்டை ஒன்று, மஞ்சள் ஒன்று.
ஒன்றில் தயிரில் வாழும் கிருமி, கோடிகோடியாய்;
மற்றதில் அதே வெண்மை, உயிரில்லாமல்.
எதில் எது என்பது
டாக்டர் லோவின் இழுப்பறையில், ஒட்டிய உறைக்குள்.
தெரிந்தால் என் கண் ஒரு பக்கம் சாயுமாம்.

வளைந்த குழாயைத் தொண்டைக்குள் இறக்கி
நாக்குக்கே தெரியாமல் ஒரு மிடறு.
ஒருநாள் விட்டு ஒருநாள்
வலிப்பை வரவழைக்க ஊசி.
பிறகு அரைமணி நேரம் பார்த்திருப்போம்:
முகம் துடித்தால் ஒன்று
தலை ஆடினால் இரண்டு
முன்கால் உதறினால் மூன்று
எழுந்து நின்றால் நான்கு
விழுந்தால் ஐந்து.
ஹயாத்தி கடிகாரம் பிடிப்பாள், நான் எண் சொல்வேன்.
"எப்படி இத்தனை சீக்கிரம் தெரிகிறது உங்களுக்கு?"
சிரித்து வைப்பேன்.
இரண்டை எனக்கு உள்ளிருந்தே தெரியும்.

போன மார்ச், வட்டப் பாதை ரயில்,
ஹா பார் வில்லா தாண்டியதும்
தகரம் கருகும் வாசனை.
அப்புறம் தரை.
அப்புறம் தலைக்கடியில் யாருடைய பையோ.
பெயர் என்ன என்று கேட்டார்கள்.
கழுத்தில் தொங்கிய அட்டையைத் திருப்பிப் படித்தேன்:
குமுதவல்லி.
நல்ல பெயர் என்று நினைத்துக்கொண்டேன், யாருடையதோ.

ஐந்தாம் வாரம் தொட்டி.
பால்பொடி கலக்கிய வெதுவெதுத்த நீர்,
விரற்கடை ஆழத்தில் கண்ணுக்குத் தெரியாத மேடை.
சுவரில் நான் ஒட்டிய முக்கோணமும் சிலுவையும்தான் அடையாளம்.
இன்று கண்டுபிடித்ததை
நாளை நினைவில் வைத்திருக்க வேண்டும்.
பல எலிகள் சுவரோரமே சுற்றின,
அன்றிரவு கிளமெண்டியில்
என் பிளாக்கைத் தேடி நான் சுற்றியதுபோல்.

இருபத்து மூன்று அப்படியில்லை.
நீரில் விட்டதும் ஒருகணம் மீசையை நிமிர்த்தும்,
பிறகு நேராகப் போகும்
வழக்கமான கோப்பிக்கடைக்குப் போவதுபோல.
பதினொரு நொடி. ஒன்பது. ஏழு.
அதன் குப்பி மஞ்சள்.

குடலுக்கும் மூளைக்கும் இடையே
ஒரு நரம்பு ஓடுகிறது, தபால் வழிபோல என்று
கருத்தரங்கில் ஒருவர் சொல்லியிருந்தார்.
கடிதத்துக்கும் உறை, பாலுக்கும் உறை.
தேக்காவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கெஞ்சி
ஒரு கரண்டி வாங்கிவந்தேன்.
சோற்றுப் பானை மூடிமேல் கிண்ணம்.
விடிந்ததும் அசையாமல் தோய்ந்திருந்ததை
கரண்டியால் வெட்டும்போதெல்லாம்
மஞ்சள், மஞ்சள் என்றது மனசு.

நேற்று உறையைக் கிழித்தார் டாக்டர் லோ.
கிருமி நீலத்தில்.
நீலத்துக்காரர்களுக்கு வலிப்பு சற்றுக் குறைவு,
மேடை சற்று நினைவிருக்கிறது.
வரைபடத்தில் இரண்டு கோடுகள் மெல்ல விலகின.
எல்லோரும் கைதட்டினோம், நானும்தான்.
தனியாக நின்ற ஒரு புள்ளியை வட்டமிட்டு
"இது விதிவிலக்கு" என்றார்.
ஏழு நொடி.
அதற்கு யாரும் எதுவும் கொடுத்திருக்கவில்லை,
வலிப்பைத் தவிர.

நாளை நாற்பது மூளைகளையும் எடுக்க வேண்டும்,
நாற்பது குடல்களையும்.
கையுறைகளை எண்ணிக்கொண்டே ஹயாத்தி சொன்னாள்,
"இருபத்து மூன்றை நான் செய்கிறேன்."
அவளிடம் நான் எதுவும் சொன்னதில்லை.

இரவு மாத்திரையை விழுங்கிவிட்டு
பாலைக் காய்ச்சினேன்.
விரல் பொறுக்கும் சூட்டில் உறை ஊற்றி மூடினேன்,
பழக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.
அட்டை கதவுக் கொக்கியில் முதுகு காட்டித் தொங்கியது.
குமுதவல்லி என்றேன்
இருட்டில், சத்தமாக.
கீழ்த்தளத்தில் யாரோ இருமினார்கள்.